வழக்கம் குற்றத்தைக் கழுவுமோ?

தாம் செய்த தீங்கை மறைத்துக்கொள்ள மாந்தர் தேடும் போர்வைகள் பல. அவற்றுள் மிகப் பழையதும், மிக எளிதில் கைக்குக் கிட்டுவதுமான போர்வை ஒன்று உண்டு. "எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், நெடுங்காலமாக நடந்து வருவதுதானே" என்பதே அது. எடை குறைத்து விற்கும் வணிகனும், கையூட்டுப் பெறும் அலுவலனும், பொய்ச்சான்று பகர்வோனும் அதனுள்ளேயே புகுந்துகொள்கின்றனர். வழக்கம் என்று பெயர் மாற்றியவுடன் தீங்கு தீங்கல்லாமற் போகிறதா? பலர் செய்தனர் என்பதால் ஒருவர் செய்தது குறைந்துவிடுகிறதா? இவ்வினாக்களையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி வெறுஞ் சொற்களில் நிகழுமாயின் யாவரும் தலையசைத்துவிட்டுப் போவர். எவர்க்கும் பயன் விளையாது. ஆதலின் கண்கூடான ஒரு நிகழ்ச்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் நேர்ந்த ஊக்கமருந்து விவகாரமே அது. விளையாட்டை வைத்து அறத்தை ஆராயலாமோ என்று சிலர் வினவக்கூடும். தாராளமாக ஆராயலாம். விளையாட்டில் விதிகள் எழுதப்பட்டுள்ளன; வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது எண்களாகப் பதிவாகின்றது. அரசியலிலும் வாணிகத்திலும் ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடக்கும் சூது, இங்கே ஓரளவேனும் வெளிப்பட்டு நிற்கின்றது.

பேஸ்பால் நம் நாட்டிற் பெரிதும் பழகாத ஆட்டம். எனவே அதன் அமைப்பை இரண்டொரு சொற்களிற் கூறிவிடுவோம். கட்சிக்கு ஒன்பதுபேர். பந்தெறிவோர் எறியும் பந்தை மட்டையாளர் உருண்டையான மட்டையால் அடித்து, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் தடையின்றிச் சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அந்நாட்டு மக்கள் இவ்வாட்டத்தின் எண்களை மனப்பாடமாக வைத்துப் போற்றுவர். 1927ஆம் ஆண்டில் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். அச்சாதனை 34 ஆண்டுகள் நிலைத்தது. 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்து அதனைக் கடந்தார். மாரிஸின் எண் 37 ஆண்டுகள் நிலைத்தது.

அதன்பின் நிகழ்ந்ததைக் கவனிப்போம். 1998இல் மார்க் மெக்வயர் 70உம், சாமி சோசா 66உம் அடித்தனர். 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். 37 ஆண்டுகளாக ஒருவராலும் தாண்ட இயலாத எண், 1998 முதல் 2001 வரையிலான நான்கே பருவங்களில் ஆறு முறை தாண்டப்பட்டது. 1994ஆம் ஆண்டில் ஆட்டக்காரரின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியே நடைபெறாமற் போயிற்று. அதனால் வெறுப்புற்று ஒதுங்கியிருந்த மக்கள் இப்போது மீண்டும் மைதானங்களில் நிறைந்தனர். பத்திரிகைகள் புகழ்ந்தன. கழக உரிமையாளரின் பணப்பெட்டிகள் நிரம்பின.

இவ்வியப்பின் பின்னே ஒரு மருந்து நின்றது. ஸ்டீராய்டு எனப்படும் அம்மருந்து வகை, உடலில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரை ஒத்துச் செயற்கையாக ஆக்கப்பட்டது. அது தசையை வளர்க்கும். கடும் பயிற்சியால் நேரும் தளர்ச்சியினின்றும் உடலை விரைந்து மீட்கும். ஆதலின் அதனை உட்கொள்வோர் பிறரினும் மிகுதியாகப் பயில இயலும். அதற்குரிய விலையையும் உடலே செலுத்த நேரிடும். இதயமும் ஈரலும் இனப்பெருக்க உறுப்புக்களும் மனநிலையும் பழுதுறக்கூடும். மருத்துவக் காரணமின்றி அம்மருந்தை விற்பதையும் வைத்திருப்பதையும் அமெரிக்க அரசு 1990ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் குற்றமாக்கியது. 1991இல் அப்போதைய பேஸ்பால் கமிஷனர் ஃபே வின்சென்ட், இவை ஆட்டத்திலும் விலக்கப்பட்டவை என்று கழகங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். ஆயினும் சோதனை செய்வார் இல்லை. சோதனையற்ற தடை ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்தது.

2003ஆம் ஆண்டில்தான், பெயரை வெளியிடாமலும் தண்டனை விதிக்காமலும், நிலைமையை அறியும் பொருட்டு முதற் சோதனை நடைபெற்றது. சோதனை வருமென்று முன்னரே அறிந்திருந்தும் 100க்கு 5 முதல் 7 பேர் வரை மருந்துண்டமை புலனாயிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்த பால்கோ என்னும் நிறுவனம் அதிகாரிகளால் சோதனையிடப்பட்டது. எச்சோதனைக்கும் அகப்படாவண்ணம் திட்டமிட்டே ஆக்கப்பட்ட ஒரு ஸ்டீராய்டு அவ்வாண்டில் வெளிப்பட்டது. 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் வெளியிட்ட அறிக்கையில் 89 ஆட்டக்காரரின் பெயர்கள் காணப்பட்டன. 2010 ஜனவரியில் மெக்வயர், 1998ஆம் ஆண்டு உட்படப் பல ஆண்டுகள் தாம் மருந்துண்டதை ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸோ தெரிந்து உட்கொண்டதில்லை என்று மறுத்தவர். நீதி விசாரணைக்கு இடையூறு செய்தார் என்று 2011இல் அவர்மீது அளிக்கப்பட்ட தீர்ப்பும் 2015இல் மேல்முறையீட்டில் தள்ளப்பட்டது. எனினும் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்திற்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் எழுத்தாளர்கள் அவரை ஏற்கவில்லை. அவர்க்குரிய பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பு 2022இல் கழிந்தது.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். எதிரியின் வாதத்தை நோஞ்சானாக்கி நிறுத்திப் பின் அதனை வீழ்த்துதல் ஆராய்ச்சியாகாது. ஆதலின் அதன் முழு வலிமையோடும் அதனை எடுத்துரைப்போம்.

"இவ்வாட்டத்தில் ஏமாற்றுதல் ஸ்டீராய்டோடு பிறந்ததோ?" என்று வினவுகின்றனர் அவ்வாதத்தினர். பந்தில் எச்சில் தடவி எறிதல் 1920ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டது. ஈரமோ களிம்போ பட்ட பந்து, விரலினின்றும் வழுக்கிச் சுழற்சி குன்றி வெளிப்பட்டு, மட்டையை நெருங்குங்கால் திடீரெனத் தாழும், மட்டையாளர் ஏமாறுவார். கேலார்ட் பெர்ரி என்னும் பந்தெறிவோர் இவ்வெச்சிற் பந்துக்குப் பெயர் போனவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1974இல், அதனை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். பந்தில் எதையோ தடவினாரென்று அவர் முதன்முறை ஆட்டத்தினின்றும் வெளியேற்றப்பட்டது 1982ஆம் ஆண்டில். 314 ஆட்டங்களை வென்ற அவர், 1991இல் புகழ் மண்டபத்தில் அமர்த்தப்பட்டார். மக்கள் அவரை வெறுக்கவில்லை. குறும்பர் என்று சொல்லிச் சிரித்தனர். 1987இல் ஜோ நீக்ரோ என்னும் பந்தெறிவோர் தம் காற்சட்டைப் பையை நடுவர்முன் கவிழ்க்க, நகந்தேய்க்கும் அரம் ஒன்று கீழே விழுந்தது. பத்து நாள் விலக்கோடு அது முடிந்தது, நாடெங்கும் நகைப்புக்கிடமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பல பத்தாண்டுகள், களைப்பைப் போக்கும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் ஆட்டக்காரரின் உடைமாற்றும் அறைகளில் தாராளமாகப் புழங்கின. அவற்றிற்குச் சோதனை வந்தது 2006ஆம் ஆண்டிலேதான். "இவ்வளவையும் பொறுத்தவர்கள் ஸ்டீராய்டை மட்டும் பொறுக்க மாட்டோம் என்பது என்ன நியாயம்? எச்சில் தடவியவர் மண்டபத்தின் உள்ளே, ஊசி போட்டவர் வாயிலுக்கு வெளியேயா?" என்று அவர்கள் கேட்கின்றனர்.

இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஒரே குணமுடைய இருவருள் ஒருவரைக் கண்டு நகைத்து மற்றவரைக் கண்டு சீறுதல் நடுவுநிலைமையாகாது. பிடித்தவர் செய்தால் குறும்பு, பிடிக்காதவர் செய்தால் குற்றம் என்னும் அளவுகோல் உலகெங்கும் உள்ளது. ஆனால் ஒரு முரண்பாட்டை இருவகையாலும் நீக்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது. முன்னவரை மன்னித்ததனால் பின்னவரையும் மன்னித்துவிடுவது ஒரு வகை. பின்னவரிடம் கண்ட தீங்கை முன்னவரிடமும் கண்டுகொள்வது மற்றொரு வகை. வழக்கத்தைத் துணைக்கு அழைப்போர் முதல்வகையை மட்டுமே நமக்குக் காட்டி, இரண்டாவதை மறைத்துவிடுகின்றனர்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடல் நலம். ஆட்டமென்றாலே எதிரியை ஏமாற்றுதல்தானே என்பர் சிலர். பந்தெறிவோர் வேகமாக எறிவது போற் காட்டி மெதுவாக எறிகின்றார். தளத்தில் நிற்பவர் ஓடாதவர்போல் நின்று ஓடுகின்றார். இவை தந்திரங்களே. ஆயினும் இத்தகைய தந்திரம் வருமென்பதை எதிரி அறிவார், அறிந்தே ஆடவந்தார், தாமும் அவ்வாறே செய்ய உரிமை பெற்றிருக்கின்றார். இருவரும் இசைந்து வகுத்துக்கொண்ட வரம்புக்குள் நிகழும் போட்டி அது. எச்சிற் பந்தும் ஒளித்த ஊசியும் அவ்வரம்புக்குப் புறத்தே நிற்பவை. அவற்றைக் கையாள்வோர், வரம்பு இருப்பதாக எதிரியை நம்பச் செய்து, தாம் மட்டும் அதனைத் தாண்டுகின்றார். எதிரியின் இசைவையே களவாடுகின்றார். தந்திரத்திற்கும் வஞ்சத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. எல்லோரும் ஏற்ற வழக்கமே இஃதென்றால் மறைப்பு எதற்கு? பால்கோவின் மருந்து சோதனைக்கு அகப்படாவண்ணம் ஆக்கப்பட வேண்டிய தேவை என்ன? 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கக் காங்கிரசின் குழுமுன் அமர்ந்த மெக்வயர், கடந்தவற்றைப் பற்றிப் பேச வரவில்லை என்னும் கருத்துப்பட விடை தவிர்த்தது ஏன்? ஒளித்துச் செய்தவரின் உள்ளம், வழக்கம் என்னும் வாதத்தை அவரே நம்பவில்லை என்பதற்குச் சான்று பகர்கின்றது.

இனி வழக்கம் என்னும் சொல்லையே எடைபோடுவோம். பேஸ்பாலில் இதனினும் பெரிய வழக்கம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடங்கி 1947 வரை, மேஜர் லீக் எனப்படும் முதல்தரக் கழகங்கள் கறுப்பினத்தார் ஒருவரையும் ஆடவிடவில்லை. அவ்வாறு தடுக்கும் விதி எதுவும் அவற்றின் விதிநூலில் எழுதப்பட்டிருக்கவில்லை. உரிமையாளர்களிடையே வாய்பேசாத உடன்பாடு ஒன்றே நிலவியது. கேட்டால் அது வழக்கம். ஜாஷ் கிப்சன் என்னும் பெரும் மட்டையாளர் கறுப்பினத்தாருக்கென்று அமைந்த தனிக் கழகங்களிலேயே தம் ஆட்டவாழ்வின் பெரும்பகுதியைக் கழித்து, 1947 ஜனவரியில் 35ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் கழகத்திற்காக மைதானத்தில் இறங்கி அவ்வழக்கத்தை உடைத்தார். கிப்சனுக்கு மூன்று திங்கள் தப்பிவிட்டது.

வழக்கம் என்னும் சொல் தலைமுறை தலைமுறையாக யார் தலைமேல் ஏற்றப்பட்டது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரு செயல் நெடுங்காலம் நடந்தது என்பது அதனைத் தடுக்க வலியற்றோர் நெடுங்காலம் துன்புற்றனர் என்பதற்கு மட்டுமே சான்று. அச்செயல் தக்கது என்பதற்குச் சான்றாகாது. நிறவேற்றுமையும் எச்சிற் பந்தும் ஒரே அளவான தீங்கென்று நாம் கூறவில்லை. இரண்டையும் காக்க எடுத்த கேடயம் ஒன்றே என்கின்றோம். ஒருவனுடைய பெருந்தீங்கைக் காக்க இயலாத கேடயம் மற்றொருவனுடைய சிறுதீங்கையும் காவாது.

இப்பொழுது நம் ஆராய்ச்சியின் நடுவிடத்திற்கு வந்துவிட்டோம். வழக்கம் என்று சொல்லுங்கால் ஒருவரின் முகம் மறைந்துவிடுகின்றது. அது தோற்றவரின் முகம். ஏமாற்றியவருக்குப் பெயருண்டு, எண்ணுண்டு, கதையுண்டு. ஏமாந்தவருக்கு எதுவும் இல்லை. ஆயினும் தேடினால் சில முகங்கள் கிடைக்கின்றன.

1951ஆம் ஆண்டில் நியூயார்க் ஜயண்ட்ஸ் கழகம், ஆகஸ்டுத் திங்களில் 13 ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கியிருந்து, வியக்கத்தக்க வகையில் முன்னேறி, அக்டோபர் 3ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகத்தை இறுதி ஆட்டத்தில் வென்றது. பாபி தாம்சன் அடித்த ஒரு ஹோம் ரன்னே அவ்வெற்றியைத் தந்தது. அந்த அடி அமெரிக்கர் நெஞ்சில் ஒரு காவியமாக நிலைத்தது. அப்பந்தை எறிந்தவர் ரால்ஃப் பிராங்கா. பந்து பிடிப்பவர், எவ்வகைப் பந்தை எறிய வேண்டுமென்று விரற்குறியால் பந்தெறிவோருக்குக் காட்டுவது வழக்கம். அப்பருவத்தில் ஜயண்ட்ஸ் கழகத்தார் தம் மைதானத்தின் கோடியிலிருந்த அறையொன்றில் தொலைநோக்கியை வைத்து எதிரியின் அக்குறிகளைப் பார்த்து, மின்மணி வாயிலாகத் தம்மவர்க்கு அறிவித்தனர் என்பது 2001இல் பத்திரிகை வாயிலாக ஐயமற வெளிப்பட்டது. அந்த ஒரு பந்துக்குத் தாம் குறி பெறவில்லை என்று தாம்சன் மறுத்தார். அதனையும் நாம் குறித்தாக வேண்டும். பிராங்காவோ இச்செய்தியை 1954லேயே உடனாட்டக்காரர் ஒருவர் வாயிலாக அறிந்திருந்தும், ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாய் திறவாதிருந்தார். தோல்விக்குச் சாக்குத் தேடுபவன் என்னும் பழி வேண்டாமென்று அமைதி காத்தார். காவியத்தைப் பாடியவர்கள், தோற்ற கடமைக்காக அவர் ஆண்டுதோறும் சுமந்த ஏளனத்தைக் கணக்கில் எடுத்ததில்லை.

பிறிதொரு முகம். 2017ஆம் ஆண்டில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கழகத்தார் அதே பழைய களவைப் புதிய கருவியால் செய்தனர். மைதானத்திலிருந்த கேமராவின் வழியே எதிரியின் குறிகளைக் கண்டு, குப்பைத் தொட்டியைத் தட்டி ஓசையெழுப்பித் தம் மட்டையாளருக்கு அறிவித்தனர். அவ்வாண்டு உலகத் தொடரையும் வென்றனர். 2020 ஜனவரியில் விசாரணை முடிந்து, கழகத்திற்கு 50 இலட்சம் டாலர் தண்டமும், மேலாளர் இருவர்க்கு ஓராண்டு விலக்கும் விதிக்கப்பட்டன. உண்மை கூறுவதற்கு ஈடாகப் பாதுகாப்புப் பெற்ற ஆட்டக்காரர் எவரும் தண்டிக்கப்படவில்லை, பட்டமும் பறிக்கப்படவில்லை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டொராண்டோ கழகத்தின் மைக் போல்சிங்கர் ஹூஸ்டனில் பந்தெறிய வந்தார். ஒருவரை மட்டும் வெளியேற்றி, நான்கு ஓட்டங்களைக் கொடுத்தார். அதன்பின் கீழ்த்தர லீகுக்கு அனுப்பப்பட்ட அவர், மேஜர் லீக் ஆட்டம் ஒன்றிலும் மறுபடி பந்தெறியவில்லை. 2020இல் அவர் அக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தபோதுதான் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றனர். அன்று ஒலித்த ஓசைகளே அவர் வாழ்வைக் கெடுத்தன என்று நாம் அறுதியிட்டுக் கூறவியலாது. கூறவியலாமையே இவ்வஞ்சத்தின் கொடுமை. தம் தோல்வி தம்முடையதுதானா என்பதையும் அவர் அறிய முடியாமற் போயிற்று.

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? நகைத்து ஒதுக்கிய சிறு ஏமாற்றுகளும் யாரோ ஒருவரின் கைப்பொருளைப் பறித்தே வந்துள்ளன. பெர்ரியின் 314 வெற்றிகளுள் எத்தனை எச்சிலுக்குரியவை என்று எவரும் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் அவ்வெற்றி ஒவ்வொன்றின் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தோல்வி எழுதப்பட்டுள்ளது. கேலி பேசிச் சிரித்த கூட்டம் அத்தோல்விகளைக் கேட்டறியவில்லை. அவ்வாறு கேளாமற் பழகிய செவியே, பின்னர் ஸ்டீராய்டு வந்தபோதும் செவிடாயிற்று.

அங்ஙனமாயின் எச்சிலும் ஊசியும் ஒன்றே எனலாமோ? அதுவும் தவறு. வஞ்சம் என்னும் வகையால் இரண்டும் ஒன்று; விளைவால் வேறு. எச்சிற் பந்து கண்ணெதிரே, மைதானத்தில் நிகழ்வது. ஐயுற்ற நடுவர் பந்தை வாங்கிப் பார்க்கலாம், எதிரி முறையிடலாம், தீங்கு அந்த ஆட்டத்தளவில் நிற்கின்றது. எச்சில் தடவாத பந்தெறிவோரின் உடலுக்கு அதனால் ஊறு ஏதும் இல்லை. ஸ்டீராய்டோ ஆட்டத்திற்கு வெளியே, மூடிய அறையிலே, உடலுக்குள்ளே நிகழ்வது. எந்த நடுவராலும் அதனைக் காணவியலாது. அதனினும் முக்கியமாக, அது உண்ணாதவரையும் விடுவதில்லை. ஒவ்வொரு கழகத்திலும் இடங்கள் சிலவே. அவ்விடத்திற்குப் போட்டியிடும் பத்துப்பேருள் மூவர் மருந்துண்டு வலிமை பெற்றால், எஞ்சிய எழுவர்க்கும் இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன: தாமும் உண்டு உடலைக் கெடுத்துக்கொள்வது, அன்றேல் உண்ணாதிருந்து பிழைப்பை இழப்பது. எனவே மருந்துண்டவர் தம் உடலை மட்டும் பணயம் வைத்தார் என்பது பிழை. பிறருடைய உடலையும் அவர்தம் இசைவின்றிப் பணயம் வைத்தார்.

இவ்வெழுவருள் உண்ணாதிருந்து தோற்றவர் எங்கே? மிட்செல் அறிக்கையில் 89 பெயர்கள் உண்டு. மருந்துண்ண மறுத்ததால் மேஜர் லீகின் வாயிலை எட்டாமலே ஊர் திரும்பி வேறு தொழில் தேடிக்கொண்டவரின் பட்டியல் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர் அடிக்காத ஹோம் ரன்னை எண்ணுவார் இல்லை. இக்காலத்தின் உண்மையான நல்லொழுக்கம் பெயரற்றதாகவே மறைந்தது. அக்காலத்து இளைஞர் வேறொரு பாடத்தைக் கற்றனர். 2005ஆம் ஆண்டின் காங்கிரசு விசாரணையில், ஸ்டீராய்டு உண்டு பின்னர் உயிர் மாய்த்துக்கொண்ட இளம் ஆட்டக்காரர் சிலரின் பெற்றோரும் வந்து சான்றளித்தனர். புகழ்பெற்றோர் எதைச் செய்து உயர்ந்தனரோ அதனையே செய்தால்தான் உயரலாம் என்று இளையோர் கருதுவதை நாம் குறை கூறவியலுமோ?

இவ்விடத்தே பொறுப்பைப் பகிர்ந்தளிக்கவும் வேண்டும். ஊசி குத்திக்கொண்டவரைத் தூற்றிவிட்டு ஏனையோர் கைகழுவிவிடல் நேர்மையன்று. 1991ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்கும் 2003ஆம் ஆண்டுச் சோதனைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் வருவாய் ஈட்டியோர் உரிமையாளர்கள். அந்தரங்க உரிமையைக் காட்டிச் சோதனையை எதிர்த்தது ஆட்டக்காரர் சங்கம். தன் உறுப்பினருள் மருந்துண்ணாதவரைக் காக்கும் கடமையும் தனக்குண்டு என்பதை அது மறந்தது. 1998இல் மெக்வயரின் பெட்டியில் ஒரு மருந்துப் புட்டியைக் கண்டு எழுதிய செய்தியாளரையே குறைகூறியவர் பலர். அப்புட்டியிலிருந்த மருந்து அந்நாளில் பேஸ்பாலில் தடுக்கப்படாதது என்பது உண்மையே எனினும், கேள்வி கேட்டவரைப் பழித்தது எவ்வகையிலும் சரியன்று. அக்காலமெல்லாம் தலைமை வகித்த கமிஷனர் பட் செலிக், தண்டனையோடு கூடிய சோதனை தம் காலத்திலேயே வந்தது என்னும் சிறப்புக்குரியவர். ஆனால் தாமதமும் அவர் காலத்ததே. 2017இல் அவர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஊழியர் வாயிலில் நிற்க, தலைவர் உள்ளே செல்லும் இம்முறை, உலகின் பிற துறைகளிலும் நமக்குப் புதிதன்று. ஆரவாரித்த மக்களையும் நாம் விட்டுவிட முடியாது. வேலிக்கு அப்பால் பறந்த பந்தைக் கண்டு கைதட்டியவர், அப்பந்து ஏன் அவ்வளவு தொலைவு பறக்கின்றது என்று கேட்க விரும்பவில்லை.

பலர் பொறுப்பாளிகள் என்பதால் ஒருவரின் பொறுப்பு கரைந்துவிடுமோ? கரையாது. பத்துப்பேர் சேர்ந்து ஒரு வீட்டைக் கொளுத்தினால், ஒவ்வொருவனும் பத்தில் ஒரு பங்கு நெருப்பையே வைத்தேன் என்று சொல்லித் தப்ப இயலாது. தீங்கென்று அறிந்து, ஒளித்துச் செய்யத் துணிந்த எண்ணம் ஒவ்வொருவனிடத்தும் முழுமையாகவே பிறக்கின்றது. எண்ணம் எவனிடத்துப் பிறந்ததோ அவனையே வினையும் சாரும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பழைய எண்களையெல்லாம் அழித்துவிடலாம் என்பர் சிலர். அழிப்பதும் ஒருவகைப் பொய்யே. நடந்தது நடந்ததாக நிற்கட்டும். எவ்வாறு நடந்தது என்பதும் அதனருகே நிற்கட்டும். முன்னேற்றம் அறவே இல்லையென்றும் நாம் கூறோம். 2006இல் முதற் குற்றத்திற்கு 50 ஆட்டங்கள் என்றிருந்த விலக்கு, 2014இல் 80 ஆட்டங்களாக உயர்ந்தது. இரண்டாங் குற்றத்திற்கு ஒரு பருவம் முழுதும், மூன்றாவதற்கு வாழ்நாள் முழுதும் விலக்கு. உண்ணாதவரைக் காக்கும் அரணாகவே இத்தண்டனையை நாம் கருத வேண்டும். திருத்தம் காலங்கடந்தும் இயலும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு மே திங்களில், கறுப்பினத்தார் கழகங்களின் கணக்குகள் மேஜர் லீகின் கணக்கோடு சேர்க்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் அடிவிகிதத்தில் முதலிடம் பெற்றவர் ஜாஷ் கிப்சன். அவர் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் ஆடவியலாத ஆட்டங்களை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. ஆயினும் வழக்கம் மறைத்து வைத்த ஒரு முகத்தைத் திரைவிலக்கிக் காட்டியதும் நற்செயலே.

மெக்வயரின் செயல் ஒன்றையும் இங்கே கூறல் தகும். தாம் மருந்துண்டதை உலகறிய ஒப்புக்கொண்ட நாளில், 1985இல் மறைந்த ரோஜர் மாரிஸின் மனைவியாரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். தம் ஹோம் ரன்களுக்கு மருந்து காரணமன்று என்றும் அவர் வாதித்தார். அவ்வாதத்தை நாம் ஏற்கவேண்டுவதில்லை. எனினும், எண்ணை இழந்தவரின் வீட்டுக்கு ஒரு சொல் அனுப்ப வேண்டும் என்று அவர் உள்ளம் உணர்ந்ததே, அதுவே அறவுணர்வின் தொடக்கம். வழக்கத்தைச் சாக்காகக் கூறுவோன் தன்னையும் தன் கூட்டத்தையுமே நோக்குகின்றான். தீங்குற்றவரின் பக்கம் முகத்தைத் திருப்பிய அக்கணமே அச்சாக்கு நாவில் நில்லாது உதிர்கின்றது.

ஆகவே, அன்பர்களே, பேஸ்பாலை நம்மில் ஒருவரும் ஆடாதிருக்கலாம். இச்சாக்கை நாள்தோறும் கேட்கின்றோம். தேர்வுக் கூடத்தில், அலுவலகத்தில், கடைத்தெருவில், தேர்தல் நாளில், "இது வழக்கந்தானே" என்று ஒருவர் நம்மிடம் கூறுவார். சிற்சில வேளை நம் நாவே கூறும். அப்பொழுது அச்செயல் எவ்வளவு பழையது, எத்தனைபேர் செய்கின்றனர் என்னும் கணக்கில் நாம் இறங்க வேண்டா. இதனால் இடத்தை இழப்பவர் யார் என்னும் ஒரு கேள்வியை மட்டும் கேட்போம். அவர் பெயரை நாம் அறியாதிருக்கலாம். அவர் முறையிடவும் வழியற்றவராக இருக்கலாம். அவர்க்கு விடை கூற இயலாத செயல் நூறாண்டு நடந்திருப்பினும் அதனை நாம் விலக்குவோமாக.